காதர் வீட்டு ஜோடிக் கத்தி

போன வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒட்டோமான் கத்தி செட் ஒன்றைக் கையில் பிடித்துவிட்டேன். இஸ்தான்புல்லில் இல்லை ஸார்... ராஜபாளையத்தில்!

பழைய ஆயுதங்கள் மீது எனக்குள்ள பைத்தியம் உங்களுக்குத் தெரியும். மியூசியம் கேட்லாக்கைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவன். அதனால்தான் ராஜபாளையம் பேண்டேஜ் துணி வியாபாரி காதர், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எனக்கு போன் செய்தார்.

"பாகம் பிரிக்கோம்ணே. தாத்தா ஹஜ்ஜுக்குப் போனப்ப வாங்கியாந்த அரபுக் கத்தி ரெண்டு இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. எது ஒசத்தின்னு செத்த வந்து பாத்துச் சொல்லுங்க."

அடுத்த பஸ்ஸில் நான்.

காதரும் அவர் அண்ணன் யூசுப்பும் ஆளுக்கொரு கத்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். எலும்புக் கைப்பிடி, அதில் பதித்த சிவப்புப் பவளம், இரண்டையும் சேர்த்துச் செருக ஒரே வெள்ளி உறை... படத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கிய, ஒட்டோமான் ஆட்சியில் இருந்த பால்கன் நாடுகளின் வேலைப்பாடு! இதையா பிரிப்பது?

"இது செட். பிரிச்சா போச்சு" என்றேன்.

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. எப்படி செட்டாகும்?" - யூசுப் விடவில்லை.

அலகுகளில் தங்க எழுத்து மின்னியது. டீ கொண்டுவந்த அவர்களுடைய அக்கா ஜொகரா, கத்திகளை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"எழுத்துதான் அரபு. நாம ஓதுற பாஷை இல்ல. நம்ம அம்மா அரபு எழுத்துல தமிழ்க் கடுதாசி எழுதுவாகல்ல? அது மாதிரி வேற ஏதோ பாஷை."

துள்ளிவிட்டேன். துருக்கி! ஒட்டோமான்காரர்கள் அப்படித்தானே எழுதினார்கள்!

"இன்னொண்ணு... பெருசுல உள்ள வரியும் சிறுசுல உள்ள வரியும் ஒரே சத்தத்துல முடியுது. பாட்டு போல. பாதி இதுல, பாதி அதுல."

அர்த்தம் எங்களில் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் பாட்டைப் பாதியாக வெட்ட யாருக்கு மனசு வரும்?

"நீயே வச்சுக்க" என்றார் யூசுப். "இல்லண்ணே, நீங்க வைங்க" என்றார் காதர். கால் மணி நேரம் இதே உபசாரம். எனக்கோ கை தட்டவேண்டும்போல சந்தோஷம்.

ஜொகரா அக்கா இரண்டு கத்திகளையும் உறையில் செருகி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாகப் பத்திரத்துல எம் பேரு எங்கன இருக்குன்னு காட்டுங்கப்பா. அதுவரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்."

அண்ணனும் தம்பியும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் டீயைப் பார்த்தேன்.

எது துருக்கி, எது பால்கன் என்று சொல்லக் கேட்லாக் வேண்டும்... வாரிசு மூன்று பேர் என்று எண்ணவுமா?