குருசுக்குப்பத்தில் ஒரு பெத்தாங்க் இறுதியாட்டம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். கோயில் பார்க்க ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு. நான் போவது ஆட்டம் பார்க்க. வழுக்குமரம், உறியடி, மாட்டுவண்டிப் பந்தயம் என்று எந்த ஊரில் எது நடந்தாலும் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இந்த முறை பெத்தாங்க். இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்டம். அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் புதுச்சேரியில் தங்கிவிட்டது. என் அலுவலகத்தில் வேலைபார்க்கும் ஸ்டெல்லாவின் சித்தப்பா அல்போன்ஸ் அங்கே பழைய ஆட்டக்காரர். "புதன்கிழமை அவர் பிரான்சுக்குப் போறார், பொண்ணு வீட்டோட இருக்கறதுக்கு. பாக்கணும்னா இந்த ஞாயிறே போங்க" என்று சொல்லியிருந்தாள்.

இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். டிக்கெட் இருநூற்றுப் பத்து ரூபாய். பத்தரைக்குப் புதுச்சேரியில் இறங்கினேன். குருசுக்குப்பத்துக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் சிரித்தார்.

"பெத்தாங்கா? பென்ஷன் வாங்குறவங்க ஆட்டம் சார் அது. குண்டு போடுறது அஞ்சு நிமிஷம், சண்ட போடுறது அர மணி நேரம்."

அல்போன்ஸின் வீட்டுக் கூடத்தில் நான்கு பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. அவருக்கு அறுபத்தாறு வயது. பூசைக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. அவர் மனைவி தெரேஸ் வஞ்சிரம் குழம்பும் இறால் வறுவலும் பரிமாறினார். போதும் என்று நான் கையால் இலையை மறைத்தபோது, "புதங்கெழமைக்கு அப்பறம் இந்த வீட்ல ஒல வைக்க ஆளில்ல தம்பி. சாப்புடுங்க" என்று இன்னும் இரண்டு துண்டு வைத்தார். அதையும் சாப்பிட்டு முடித்தேன்.

சாப்பாட்டில் பங்கு கொள்ள இன்னொருவரும் வந்தார். செல்வராசு. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், டவுனில் எலக்ட்ரீஷியன் வேலை. பதினைந்து வருடமாக அல்போன்ஸுக்கு ஜோடி. அல்போன்ஸ் குண்டை இலக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். செல்வராசு எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளுவார். இத்தனை வருடத்தில் கிளப் கோப்பையை இவர்கள் ஒருமுறைகூட வாங்கியதில்லை.

"இன்னிக்கி வாங்கிட்டுத்தான் அண்ணன ஏத்தி உடுறேன்" என்றார் செல்வராசு.

"வாயால வாங்கிடுவான்" என்றார் அல்போன்ஸ். ஆனால் அவருக்கும் அந்த ஆசைதான் என்பது குரலிலேயே தெரிந்தது.

மதியம் இரண்டு மணி. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சரளை பரப்பிய மைதானம். ஆட்டம் எளிது. முதலில் எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய மரப்பந்து ஒன்றை எறிகிறார்கள். பிறகு வட்டத்துக்குள் நின்றபடி இரு தரப்பும் இரும்புக் குண்டுகளைப் போடுகிறார்கள். யாருடைய குண்டு மரப்பந்துக்கு அருகில் இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் பதின்மூன்று எடுப்பவர்கள் ஜெயித்தவர்கள். கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். செல்வராசு ஏழெட்டு மீட்டர் தள்ளி நின்று அடித்த குண்டு, எதிராளியின் குண்டைக் கிளப்பிவிட்டு அது இருந்த இடத்திலேயே உட்கார்ந்தபோது என்னையறியாமல் விசில் அடித்துவிட்டேன்.

இரண்டு ஆட்டம் ஜெயித்து இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். எதிரே லாஸ்பேட்டையிலிருந்து வந்த ஜோடி. அதில் பெரியவர் பிரகாஷ், அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஐந்து மணி தாண்டியபோது இரு தரப்பும் பன்னிரண்டில் நின்றன. கடைசிக் குண்டு அல்போன்ஸுடையது. குனிந்து, மூச்சை விட்டு, மெதுவாகப் போட்டார். அது உருண்டு போய் மரப்பந்தின் இடது பக்கம் நின்றது. வலது பக்கம் பிரகாஷின் குண்டு. எது அருகில் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை.

கடைசியாகப் போட்டவர் தரப்புதான் அளக்க வேண்டும். அளக்கும்போது அவர் கை பட்டு மரப்பந்து நகர்ந்துவிட்டால் புள்ளி எதிராளிக்கு. அல்போன்ஸ் மண்டியிட்டு டேப்பை நீட்டினார். நான் ஆர்வக்கோளாறில் அவர் தோளுக்கு மேலேயே நின்றிருந்தேன். அவருடைய சுண்டுவிரல் மரப்பந்தில் பட்டது. பந்து ஒரு நெல் அளவு நகர்ந்தது.

"நகந்த மாதிரி இருந்துச்சே" என்றார் பிரகாஷ்.

"அதெல்லாம் நகரல" என்றார் செல்வராசு.

நடுவர் அந்த நேரம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், அவர் பார்க்கவில்லை. குரல்கள் ஏறின. ஆட்டோக்காரர் சொன்ன அரை மணி நேரம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். பிரகாஷ் என் பக்கம் திரும்பினார்.

"இவரு கிட்டத்துல நின்னாரு. இவரே சொல்லட்டும்."

"அவரு அண்ணன் வீட்டு விருந்தாளிய்யா!" என்றார் பிரகாஷின் ஜோடி.

"இருக்கட்டும். இவரு நகரலன்னு சொன்னா ஒத்துக்கறோம். கோப்பைய எடுத்துக்குங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கை கழுவி ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. விரலில் மீன் வாசனை இருந்தது. அல்போன்ஸ் மண்டியிட்டபடியே டேப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

"கொஞ்சம் நகர்ந்தது" என்றேன்.

செல்வராசு என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் குண்டுகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வரேண்ணே" என்று அல்போன்ஸிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார். கோப்பையை வாங்கிக்கொண்ட பிரகாஷ் அல்போன்ஸுக்குக் கைகொடுத்தார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கொடுத்தார்.

ஆட்டோவில் போகிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் அல்போன்ஸ் கேட்கவில்லை. தன் ஸ்கூட்டரிலேயே பேருந்து நிலையத்துக்குக் கூட்டிவந்தார். வழியெல்லாம் இது பழைய சுங்கக் கட்டடம், இது கலங்கரை விளக்கம் என்று காட்டிக்கொண்டே வந்தார். சேலம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க சார்."

"வெரல் பட்டது எனக்குத் தெரியும். பட்டவொடனே தெரியும். சொல்லத்தான் இருந்தேன். பதினஞ்சு வருஷமா கூட ஆடுனவன், அவன் மொகத்த ஒருதரம் பாத்துட்டு சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க."

நான் ஜன்னல் பக்கம் குனிந்தேன்.

"நீங்க சொன்னது தப்பில்ல. ஆனா, அல்போன்ஸ் மறைக்கப் பாத்தான்னு ஆயிப்போச்சு. புதங்கெழம நான் போயிட்டா, இல்லன்னு யாரு வந்து சொல்றது?"

பஸ் கிளம்பியது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யவில்லை, உள்ளதைத்தானே சொன்னேன் என்று விழுப்புரம் வரை எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்தேன். வாதம் எடுபடவில்லை. சேலத்தில் எங்கள் தெரு கேரம் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தப்பாட்டம் ஆடிவிட்டால் எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். ஆடினவன் வாயாலேயே வரட்டும் என்று விடுவோம். பெரும்பாலும் வந்துவிடும். அந்த மரியாதையை என் ஊர்ச் சிறுசுகளுக்குக்கூடக் கொடுக்கிற நான், எனக்குச் சோறு போட்ட மனிதருக்குக் கொடுக்கவில்லை. கேட்டவுடன் பதில் சொல்லிவிட்டேன். அந்த அவசரத்துக்காக வருந்துகிறேன்.

அவர் உண்மையிலேயே சொல்லியிருப்பாரா என்று மறுநாள் அலுவலகத்தில் ஸ்டெல்லா என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். வாய் திறக்கப் போகிற மனிதரா இல்லையா என்பது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அந்த மரப்பந்தையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.