கையைக் கட்டிக்கொண்ட கேப்டன்

ஒரகடம் சாலையோரப் பந்தலில் வேலைநிறுத்தத்தை நடத்திக்கொண்டிருந்த தொழிலாளியைச் செய்திக்காகச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, சாயம்போன கம்பெனிச் சட்டை. பேசும்போது செல்போனில் ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இயந்திரம் பொருத்த வந்த அமெரிக்க எஞ்சினியர் கொடுத்த படம். அந்த எஞ்சினியரின் சிற்றூரிலிருந்து, பிரிட்டிஷ் படையை எதிர்த்து அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு ஆட்களைக் கூட்டிப்போன கேப்டன்களின் நினைவுக்கல்.

"கொல்லன், சத்திரக்காரன், விவசாயி. ஊரே கை தூக்கி கேப்டன் ஆக்கிச்சாம் சார். என்னையும் இவனுங்க அப்டித்தான் ஆக்கினானுங்க."

"கேப்டன், டீ ஆறுது!" என்று பந்தலுக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான்.

அவர் சிரிக்கவில்லை. "கல்லுல கேப்டன் பேருதான் கீது. அவன் பேச்ச நம்பிப் போய் செத்தவன் பேரு எங்க சார்?"

அன்று மாலைக்குள் திரும்பாதவர்களுக்கு வேலை இல்லை என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. பந்தலில் வாக்கெடுப்பு.

"இந்த வாட்டி நான் வாயே தொறக்க மாட்டேன். அவங்களே முடிவு பண்ணட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வேலைக்குத் திரும்பலாம்றவங்க கை தூக்குங்கப்பா" என்றார் ஒருவர்.

எல்லாரும் முதலில் அவரைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் கைகளையும் கட்டிக்கொண்டார்கள்.

"கேப்டன்னா கேப்டன்தான்!" என்றான் டீக்குக் கூப்பிட்டவன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கைதட்டலில் எனக்குக் கேட்கவில்லை.