வாப்பாவிடம் கேட்கப்படாத மாப்பு

கொடுத்தவனே எடுத்துக்கொண்டான், அவனுக்கே புகழ். எங்கள் அன்பு வாப்பா வபாத்தாகி ஓராண்டு நிறைகிறது.

நிந்தவூரில் வயற்காரர் குடும்பமொன்றில் பிறந்தவர் வாப்பா. கொழும்பில் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் கிளாரினெட் பழகி, பின்னர் பெரிய இசைக்குழுவொன்றில் பல வருடங்கள் வாசித்தார். உம்மாவைக் கல்யாணம் முடித்ததும் ஊர் திரும்பி, வீட்டு மண்டபத்திலேயே கற்பித்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் பக்கத்துக் காரைதீவுத் தமிழ்ப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணுமாக, ஒன்றாக இருந்து ஊதினார்கள். அதுதான் சிலருடைய கண்ணைக் குத்தியது.

ஒரு மாலை எங்கள் தெருக்காரர் ஒருவர், பெயரை எழுத மாட்டேன், ஆட்களோடு உள்ளே புகுந்தார். "ஊருக்குள்ள சைத்தான்ட குழலா ஊதுறாய்?" என்று கத்தி, வாப்பாவின் கையிலிருந்த கிளாரினெட்டைப் பறித்து, அதனாலேயே அவர் வாயில் அடித்தார். கருங்காலி மரம், இரும்புக்குச் சமம். மேற்பற்கள் சிமெந்துத் தரையில் சிதறின. விழுந்தவரை மிதித்தார்கள். உம்மா மேலே விழுந்து மறைத்ததால்தான் உயிர் மிஞ்சியது.

கிளாரினெட்டை மேற்பற்களால் ஊன்றிப் பிடித்துத்தான் ஊத வேண்டும். கட்டுப்பல் ஆடியது. வாப்பா அதைக் கழற்றி வைத்துவிட்டு, மேலுதட்டை ஈறின்மேல் மடித்து ஊதப் பழகினார். ரத்தம் கசியும். துடைத்துவிட்டு, "எங்க விட்ட நாம?" என்று பாடத்தைத் தொடர்வார். அந்த வாயிடம் கற்றவர்கள் இன்று கொழும்பு மேடைகளில் வாசிக்கிறார்கள்.

கடைசி நாட்களில், "உங்கள அடிச்சவருக்கு மாப்புக் குடுத்திட்டீங்களா வாப்பா?" என்று கேட்டேன்.

"அவன் கேக்கல்லயே மகன். கேட்டிருந்தாக் குடுத்திருப்பன்."

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் எழுந்து, மையித்தால், அதாவது இறந்தவரால், யாருக்காவது மனம் நொந்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று சபையிடம் கேட்பது எங்கள் வழக்கம். கேட்டேன். முன்வரிசையில் வாப்பாவை அடித்தவர் நின்றார். "மன்னிச்சிட்டம்" என்று எல்லோரோடும் சேர்ந்து அவரும் சொன்னார். எதை மன்னித்தார்? அந்த வாயை உடைக்க என் கை துடித்தது.

அடக்கியபின் மையவாடியில் அவரே என் கையைப் பிடித்தார். "தம்பி, வாப்பாக்குப் பதிலா நீங்க மாப்புத் தாங்க."

"அது என்ட கையில இல்ல மாமா. கேட்டிருந்தாக் குடுத்திருப்பன் எண்டு சொல்லித்தான் வாப்பா போனாரு."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் தூக்கிவிடவில்லை.

வாப்பாவை மருத்துவமனையில் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட மாணவர்களுக்கும், கபுறுக் குழி வெட்டியவர்களுக்கும், தொழுகைக்கு வந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று மையவாடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்ட அந்த மனிதரைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தவர்களுக்கும் நன்றி எழுதச் சொல்கிறார் உம்மா. உம்மாவுக்காக எழுதிவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியாது.