மிளகின் வலது முன்னங்கால்

என் அக்கா புருஷன் பூட்டுக்காரர். பூட்டு விற்பார், சாவி வெட்டித் தருவார், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் முழித்துக்கொண்டு நிற்பவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார். திறந்துவிட்டு உடனே கிளம்பமாட்டார். கூப்பிட்ட ஆள் உள்ளே போய் லைட்டைப் போடுகிற வரைக்கும் நிற்பார். இருட்டில் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவினால், அந்த ஆள் வீட்டுக்காரர் இல்லை என்பது மாமாவின் கணக்கு. முந்தின நாள்தான் குடிவந்த ஒரு பாவப்பட்ட மனிதரை, சுவரைத் தடவிய குற்றத்துக்காக, போலீஸ்காரர்கூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டு அழவைத்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பால்காரரிடம் விசாரித்தார். பால்காரர் எங்களை ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டார். இவன் ஏன் இப்படிப் புகழ்கிறான், இதில் இவனுக்கு என்ன ஆதாயம் என்று மாமாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. உடனே பால்காரரைப் பற்றி விசாரிக்கப் போய்விட்டார். கல்யாணமே தள்ளிப்போனது. அக்கா இந்தக் கதையை யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சொல்வதில்லை.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அக்காதான். அக்காவும் அவரைச் சந்தேகப்பட்டதில்லை. சாயங்காலமானால் கடை, வீடு, பின்னால் இருக்கிற லாயம் எல்லாவற்றையும் அவரே பூட்டிக்கொண்டு வருவார். "பூட்டிட்டேன்" என்பார். அக்கா செய்கிற வேலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தமாட்டாள். அவர் பூட்டினேன் என்றால் பூட்டியாகிவிட்டது, அவ்வளவுதான்.

லாயம் என்றேன். அதில் இருந்தது ஒரே ஒரு குதிரை. சாம்பல் நிறத்தில் உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி தெளித்த பெண் குதிரை, பெயர் மிளகு. அக்கா தன் சொந்தக் காசில் வாங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். லாயத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் அக்கா அவர்களுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பாள். சேணத்தில் எப்படி உட்காருவது, கடிவாளத்தை எவ்வளவு இறுக்குவது, விழுந்தால் எப்படி விழுவது என்று எல்லாம் மிளகின் முதுகில்தான். நன்றாகத் தேறிய பிள்ளைகளுக்குத் தாழ்வான கட்டையைத் தாண்டவும் கற்றுக்கொடுப்பாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குதிரை மேல் அவளுக்கு இருந்த பிரியத்தை நான் விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை.

மிளகுக்கு இன்சூரன்ஸ் எடுத்தது மாமாதான். சாவியின் பல்லைப் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பாலிசியின் பொடி எழுத்தை எல்லாம் ஒரு வாரம் படித்தார். படித்து முடித்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிரீமியத்தை ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் ஒரு பைசா கேட்டு வாங்கியதும் இல்லை. மிளகுக்கு இருமல் வந்தபோதும், கூராக வளர்ந்த பல்லை அரம் வைத்து ராவியபோதும் கையிலிருந்துதான் கொடுத்தார்.

"அவன் எப்படா கேப்பாங்கன்னு காத்துக்கிட்டிருக்கான் மாப்ள," என்பார் என்னிடம். "ஒரு காலுக்குக் காசு வாங்கினோம்னு வை, அடுத்த வருஷம் 'அந்தக் கால் நீங்கலாக'ன்னு எழுதிடுவான். அப்புறம் இன்னொரு கால். அப்புறம் வயிறு. கடைசியில வாலுக்கு மட்டும்தான் இன்சூரன்ஸ் இருக்கும்."

"அப்ப எதுக்குங்க வருஷா வருஷம் கட்டுறீங்க?" என்றாள் அக்கா.

"ஒரு தைரியத்துக்கு."

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், மைதானத்தின் மூலையில் திரும்பும்போது மிளகு வழுக்கியது. நல்ல வேளை, மேலே பிள்ளைகள் யாரும் இல்லை, அக்காதான் இருந்தாள். குதிரை விழவில்லை, சமாளித்து நின்றுவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றமாட்டேன் என்கிறது. குளம்புக்கு மேலே இருக்கிற மூட்டு வீங்கிக் கிடந்தது.

மாமா முதலில் செய்தது, மைதானத்து மூலைக்குப் போய்க் குனிந்து பார்த்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் கார் கழுவுகிற தண்ணீரை வேண்டுமென்றே இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருப்பாரோ? வைக்கோல்காரர் இறக்கும்போது எண்ணெய் ஏதாவது சிந்தினாரோ? நான் பேக்கரி வேன் ஓட்டுகிறவன். என் வேனின் டயர் தடத்தைக்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தார். மழை பெய்ததை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

மாட்டு டாக்டர் என்று எல்லோரும் சொல்கிற டாக்டரம்மா வந்தார். பெட்டி மாதிரி ஒரு எக்ஸ்ரே மிஷினைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டுக்குள் ஒரு சின்ன எலும்புத் துணுக்கு உடைந்து கிடக்கிறது என்றார். பிள்ளைகளின் வீடுகளுக்கு, இன்று வகுப்பு இல்லை என்று போன் செய்வதற்காக அக்கா உள்ளே போனாள். டாக்டரம்மா வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"குதிரைக்கு இன்சூரன்ஸ் இருக்கா சார்?"

"இல்லீங்க," என்றார் மாமா. கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. கூடவே என் காலையும் நறுக்கென்று மிதித்தார். இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தெரிந்தால் டாக்டர் பில்லை ஏற்றிவிடுவார் என்பது அவர் பயம். இது அவர் வழக்கம்தானே என்று நானும் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை இன்னொரு தரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். படத்தை உறையில் போட்டார். "லாயத்தை விட்டு வெளிய விடாதீங்க. காலுக்குக் கட்டுப் போடுறேன், மூட்டுல ஊசி போடுறேன். ஓய்வுதான் மருந்து. பார்ப்போம்," என்றார்.

பில் வந்தது. எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மாமாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஏன் இவ்ளோ கம்மியாப் போட்டிருக்காங்க? ஏதோ இருக்கு மாப்ள. நாலு தடவை வந்து போக வைக்கிறதுக்குத் தூண்டில் போடுறாங்க."

டாக்டரம்மா திரும்பத் திரும்ப வரத்தான் செய்தார். ஊசி போட்டார், கட்டு மாற்றினார். வீக்கம் கொஞ்சம் வடியும், அக்கா மிளகை நாலடி நடத்திப் பார்ப்பாள், திரும்ப வீங்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிப் போனார்கள். அக்கா தினமும் லாயத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அப்போது பார்த்தேன்.

"கிளெய்ம் போட்டீங்களா?" என்று கேட்பாள்.

"பார்த்துக்கிட்டிருக்கேன்," என்பார் மாமா.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது உண்மைதான். இரும்புப் பெட்டியைத் திறப்பார், பாலிசியை எடுப்பார், லென்ஸை மாட்டுவார், படிப்பார், உள்ளே வைத்துப் பூட்டுவார். கேட்டால் அந்தக் கால் போய்விடும். கேட்காவிட்டால் கட்டின பணமெல்லாம் தண்டம். கேட்பதற்கு டாக்டர் கையெழுத்து வேண்டும். அந்த டாக்டரிடம்தான் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இந்தக் கடைசி விஷயத்தை அவர் என்னிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் தொண்டையில் முள் சிக்கியவர் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம் என் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "உன் போனைக் குடு மாப்ள," என்றார். தன் நம்பரிலிருந்து கூப்பிட்டால் கம்பெனிக்காரன் குறித்துவைத்துக்கொள்வானாம். பேரைச் சொல்லாமல், தெரிந்தவர் ஒருவருடைய குதிரை என்று ஆரம்பித்து, மூட்டு, துணுக்கு, ஊசி என்று விவரம் எல்லாம் சொல்லி, இதற்குக் கிளெய்ம் கிடைக்குமா என்று கேட்டார். அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது.

"தாராளமாக் கிடைக்கும் சார். ஆனா இந்த மாதிரித் துணுக்கை வழக்கமா ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்களே. அதுக்கும் சேர்த்துத்தான் பாலிசி. உங்க டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

மாமா போனை என் மடியில் போட்டார். முகம் பளிச்சென்று ஆனது. எத்தனையோ நாளாகத் தேடிக்கொண்டிருந்த திருடன் அகப்பட்டுவிட்டான். "பார்த்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல? ஆபரேஷன்னா ஒரே நாள்ல முடிஞ்சுடும். ஊசின்னா வாராவாரம் வரும்படி. வண்டியை எடு."

அக்காவிடமும் போய்ச் சொல்லிவிட்டார். அவளும் கிளம்பிவிட்டாள். வேனின் முன்சீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, "ஆபரேஷன் பண்ணா நடக்குமாமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா ஒரு நாய்க்குக் காது சுத்தம் செய்துகொண்டிருந்தார். மாமா உட்காரவில்லை.

"மூட்டுல இருக்கிற துணுக்கை ஆபரேஷன் பண்ணி எடுக்கலாமாமே?"

"எடுக்கலாம் சார்."

"அப்ப ஏன் எங்ககிட்ட மறைச்சீங்க? ஊசி போட்டே காலத்தை ஓட்டினா உங்களுக்கு வருமானம், அதானே?"

"என்னங்க..." என்று அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நாய்க்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய்விட்டார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரி வச்சுக் கொண்டு போகணும் சார். மயக்க மருந்து குடுத்து, கேமரா விட்டு எடுக்கணும். அங்கேயே வச்சுப் பார்க்கணும். ஆகுற செலவுல இன்னொரு குதிரை வாங்கிடலாம். அதனாலதான் இன்சூரன்ஸ் இருக்கான்னு உங்களை முதல் நாளே கேட்டேன். இல்லைன்னீங்க. கையில காசு இல்லாதவங்ககிட்ட அதைச் சொல்லி ஏன் நோகடிக்கணும்னு விட்டுட்டேன். என் பில்லையும் முடிஞ்ச வரைக்கும் குறைச்சுப் போட்டேன்."



"இன்சூரன்ஸ் இருக்கே டாக்டர்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மெதுவாக மாமா பக்கம் திரும்பினாள். "இருக்குல்ல?"

அவர் எதையோ மென்று விழுங்கினார். என்ன சொல்கிறார் என்று எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அக்கா அவர் சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இருந்தாலும் இப்படி ஒரு வழி இருக்குன்னு நான் சொல்லியிருக்கணும். அது என் தப்பு," என்றார் டாக்டரம்மா அக்காவைப் பார்த்து. "இப்பவும் பண்ணலாம்மா. ஆனா இத்தனை நாளா அந்தத் துணுக்கு உள்ள உரசிக்கிட்டே இருந்திருக்கு. மூட்டு எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு திறந்து பார்த்தாதான் தெரியும். கம்பெனியும் ஏன் லேட்டுன்னு கேப்பாங்க. நான் நடந்ததைத்தான் எழுதிக் குடுப்பேன்."

"கிளெய்ம் பண்ணா அடுத்த வருஷம் அந்தக் காலை நீக்கிடுவாங்க..." என்று மாமா கீழே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"காலே போயிட்டா எதைங்க நீக்குவாங்க?" என்றாள் அக்கா. "போடுங்க கிளெய்ம்."

டாக்டரம்மா மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். "பாலிசியைக் கொண்டு வாங்க சார். பார்த்துட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்ல முடியும்," என்றார். வெறும் வாய்ச்சொல்லை நம்பி இத்தனை நாள் வந்து போனவர் அவர். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார், "வேற ஏதாவது இப்படிச் சொல்லாம விட்டது இருக்கா?"

திரும்பி வரும்போது அக்கா முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால், காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீடு வரும் வரைக்கும் மாமா யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் ஒரு பையன் எங்கள் வண்டியைத் தொட்டுக்கொண்டே சைக்கிளில் போனான். அவனைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. தாமதத்துக்காகக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கம்பெனி கொடுத்தது. மிளகு இப்போது வலியில்லாமல் நடக்கிறது. மெதுவாக ஓடவும் செய்யும். கட்டையைத் தாண்டவோ வேகமாகத் திரும்பவோ இனி முடியாது. மூட்டு தேய்ந்துவிட்டது, உடனே எடுத்திருந்தால் தேய்ந்திருக்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவிடமே சொன்னார்கள். இப்போது சின்னப் பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள். அக்கா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறாள்.

அடுத்த வருஷம் புதுப் பாலிசி வந்தது. வலது முன்னங்கால் நீங்கலாக என்று போட்டிருந்தது. மாமா லென்ஸை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். நான் சொன்னேனா இல்லையா என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் மடித்து வைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமும் இருந்தது.

அன்று சாயங்காலம் நான் அங்கேதான் இருந்தேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து சேணத்தின் வாருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா கடையைச் சாத்தினார், லாயத்துப் பக்கம் போனார், சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"லாயத்தைப் பூட்டிட்டேன்," என்றார்.

அக்கா வாரைக் கீழே வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். லாயத்துக்குப் போய், பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.