காதுகுத்து அவசரம் இல்லையாம்

விமானத்தை ரத்து செய்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை.

என் மகளுக்கு ஒரு வயது முடிந்ததும் காது குத்த நாள் குறித்தோம். வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் சிதம்பரம், அதனால் விசேஷம் அங்கே. எங்கள் பக்கம் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள மஸ்கட்டில் ஏசி மாட்டும் வேலை பார்க்கும் தம்பி ஒருவன்தான் இருந்தான். பாப்பாவை அவன் போட்டோவில்தான் பார்த்திருந்தான். அவன் வராவிட்டால் கூடப்பிறந்தவன் என்று மடி கொடுக்க ஆளே இல்லை.

வெள்ளிக்கிழமை விசேஷம். வியாழன் காலை சென்னையில் இறங்கி, மதியத்துக்குள் கடலூர் வந்துவிடுவதாக ஏற்பாடு. ஆனால் வியாழன் காலை மஸ்கட்டிலிருந்தே போன் வந்தது.

"அக்கா, ஃப்ளைட்டு கேன்சலாம்."

"ஏன்?"

"தெரில. போர்டுல போட்டுட்டாங்க."

"போயி கேளு."

"எல்லாரும் கேக்குறாங்க. கூட்டம் கொறையட்டும்னு நிக்கிறேன்."

அவன் அப்படித்தான். பந்தியில் சாம்பார் வாளி அவன் இலையைத் தாண்டிப் போனால் கூப்பிட மாட்டான். ரசம் வரும் வரை வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கடலூரில் கோர்ட்டுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போனில் நான் போட்ட சத்தத்தை, நகலுக்காக நின்றிருந்த வக்கீல் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வாடிக்கையாக வருகிறவர்.

"இப்ப அதுக்கு ரூலே வந்துடுச்சும்மா," என்றார். "ரத்து பண்ணா வேற ஃப்ளைட்ல ஏத்தி விடணும், இல்ல பணத்தத் திருப்பித் தரணும். காத்திருக்க வச்சா சோறு போடணும், ராத்திரி தங்க வச்சா ரூம் குடுக்கணும். முன்கூட்டி சொல்லாம ரத்து பண்ணா நஷ்டஈடு தனி."

"என் தம்பி அத பிச்ச கேக்குற மாதிரி கேப்பான் சார்."

"எதுக்குக் கேக்கணும்? டிக்கெட்ட காட்டுனா போதும். ஏன் ரத்துன்னு அவுங்கதான் காரணம் சொல்லணும். நீ ஏன் ஊருக்குப் போறன்னு இவன் சொல்ல வேண்டியதே இல்ல."

உடனே தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதற்குள் அங்கே வேறு கதை நடந்து முடிந்திருந்தது. இன்னொரு கம்பெனி விமானத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அவசரக்காரர்களுக்கு மட்டும் என்று சொல்லி அந்த இடங்களைக் கொடுத்துவிட்டார்களாம். கவுண்டரில் இருந்தவர் தமிழ்தான்.

"நீ அவசரம்னு சொல்லலியா?"

"சொன்னேங்க்கா. என்னா அவசரம்னு கேட்டாரு. அக்கா பொண்ணுக்குக் காதுகுத்துன்னேன்."

"அப்புறம்?"

"சிரிச்சாரு. அதெல்லாம் அவசரம் இல்லப்பா, தள்ளி நில்லுன்னுட்டாரு."

முன்னால் நின்றவர் அம்மாவுக்கு சீரியஸ் என்றாராம். பின்னால் நின்றவர் அப்பா செத்துட்டார் என்றாராம். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பின்னால் நின்றவர் இவனை இடித்து, நீயும் ஏதாவது சாவு சொல்லு என்று காதில் ஓதியிருக்கிறார்.

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. "சொல்றதுக்கு என்னடா? நமக்கு அப்பா அம்மா செத்துட்டாங்கதான? உனக்கு அது பொய் கூட இல்லியே."

விமான நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் சின்னதாக வந்தது.

"பாப்பா காதுகுத்துக்குன்னு கெளம்பிட்டு, வாயால எப்படிக்கா சாவுன்னு சொல்றது?"

அதற்கு மேல் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வக்கீல் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னேன். காரணம் கேட்டால் சொல்லாதே, டிக்கெட்டைக் காட்டு என்றேன். சரிக்கா என்றான். அந்தச் சரியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை சிதம்பரம் வீட்டில் எல்லோரும் வந்துவிட்டார்கள், மாமனைத் தவிர. நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, வாசலைப் பார்த்து, "மாமன் மடி இன்னும் ஆகாசத்துலயே நிக்குதா?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள்.

"வந்துடும் அண்ணி."

"உங்க பெரியப்பா பையன் இருக்கானே, அவனும் மாமன் மொறதான. அவன் மடியில உக்கார வையி. நல்ல நேரம் போவுது."

"போவட்டும். என் தம்பி வராம காது குத்துறதா இல்ல."

முகத்துக்கு நேராகத்தான் சொன்னேன். அவள் முகம் சுண்டிப் போனது. வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, "மொதல்ல சாப்பாட்டப் போடுங்க. காது எங்கயும் ஓடிப் போவாது," என்றார். காது குத்தாத காதுகுத்துக்கு ஊரே சாப்பிட்டுவிட்டுப் போனது. போகும்போது என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அவன் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். கையில் பெட்டி இல்லை. பெட்டி வேறெங்கோ போய்விட்டதாம். சீர் துணி எல்லாம் அதில்தான். சட்டைப் பையை மட்டும் கையால் பொத்திக்கொண்டே நடந்து வந்தான். பாப்பாவுக்கு வாங்கிய கம்மல் அதில் இருந்தது.

"வக்கீல் சொன்னபடி கேட்டியாடா?"

"கேட்டேன். தனியாப் போனப்ப யாரும் கண்டுக்கல. அப்புறம் தரையில படுத்திருந்த நம்ம ஆளுங்களையெல்லாம் எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன். திட்டக்குடிக்காரர் ஒருத்தரு, அவருக்குச் சத்தம் ஜாஸ்தி. நான் சொல்லச் சொல்ல அவரு கத்துனாரு."

"குடுத்தாங்களா?"

"எல்லாருக்கும் ரூம் குடுத்தாங்க. மறுநாள் ஃப்ளைட்ல சீட்டும் குடுத்தாங்க. யாரையும் என்னா அவசரம்னு கேக்கல." கொஞ்சம் யோசித்து, "பிரியாணி கூட போட்டாங்கக்கா," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனோம். காது குத்தும் பத்தர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லையே என்று பார்த்தேன். நாத்தனார் தேங்காய் உடைக்கப் போகிற அவசரத்தில், "மாமன் வரான்னா குத்துறவன் வேணாமா? நாந்தான் அவர இன்னிக்கு வரச் சொன்னேன்," என்றாள். அவளோடு எனக்கு இருந்த வருத்தம் அத்தோடு சரி.

ஆனால் பாப்பா அவனிடம் போகவில்லை. முன்பின் பார்க்காத ஆள். முகத்தைப் பார்த்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இதற்காகவா ஊரையே திருப்பி அனுப்பினேன் என்று நினைத்தேன். பிடித்து இழுத்து உட்கார வை என்றார்கள். அவன் இழுக்கவில்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்மலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். சாம்பார் வாளி தாண்டிப் போகிறபோது இருப்பானே, அப்படி.

பாப்பா அழுகையை நிறுத்தினாள். என் மடியிலிருந்து நழுவினாள். தட்டுத்தடுமாறி நடந்து போய், கம்மலை எடுப்பதற்காக அவன் மடியில் தானாகவே ஏறினாள்.

பத்தர் குத்தியபோது அவள் வீடு அதிர அழுதாள். அவளை இறுக்கிப் பிடித்திருந்த தம்பியின் கன்னத்திலும் தண்ணீர் ஓடியது.

"காது உனக்கா குத்துனாங்க?" என்றாள் நாத்தனார்.

டிக்கெட் கடலூர் ஏஜெண்டிடம் எடுத்தது. அதனால் தம்பிக்காக நானே கடலூர் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டேன், அந்த வக்கீலை வைத்து. கம்பெனி வக்கீல் எழுந்து, பயணி தனக்கு அவசரம் இருப்பதாக ஊழியரிடம் சொல்லவே இல்லை என்றார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"சொன்னான் சார். காதுகுத்துன்னு சொன்னான். உங்க ஆளு சிரிச்சாரு."

எங்கள் வக்கீல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தீர்ப்பு பிறகு எங்கள் பக்கம்தான் வந்தது, நஷ்டஈடும் வந்தது. ஆனால் அன்றைக்கு மேலே உட்கார்ந்திருந்த நீதிபதி தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கேட்டதுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

"கொழந்தைக்குக் காது குத்தியாச்சாம்மா?"

"ஆச்சுங்க ஐயா."

"யாரு மடியில?"

"என் தம்பி மடியில."

அவர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.