கூடத்தில் நிறுத்திய ஏர்

தனக்கோட்டி அக்கா இறந்துவிட்டாள் என்று திண்டிவனம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். அவளை அறிந்த ஒலக்கூர்ப் பக்கத்து ஜனங்கள் இதைப் படித்துவிட்டு அழ வேண்டாம். எனக்கும் அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

அக்கா என் பெரியப்பா மகள். இளவயதிலேயே தாலியை இழந்து அப்பன் வீட்டுக்குத் திரும்பியவள். பெரியப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு உழவு, நடவு, அறுப்பு எல்லாம் அவள் பொறுப்பு. தம்பிகளில் பெரியவன் விழுப்புரத்தில் வக்கீல் குமாஸ்தா, சின்னவன் திண்டிவனத்தில் நெல் மண்டி. பொங்கலுக்கு வருவார்கள், மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். தனக்கோட்டி இருக்கும்வரை கிணற்றுக் கொல்லை நிலம் அவளுக்குத்தான் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுத்தான் பெரியப்பா கண்ணை மூடினார்.

தம்பிகள் நிலத்தில் கை வைக்கவில்லை. அப்பா நினைவாகச் சாமான்களை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் உருளையைப் பெரியவன் கொண்டுபோய் நடுவில் கண்ணாடி பதித்துச் சுவரில் மாட்டினான். ஏரைச் சின்னவன் எடுத்துக்கொண்டான். அக்கா தடுத்தாள். பொம்பளை ஏர் பிடிக்கப் போவதில்லை, உனக்கு எதற்கு என்று வண்டியில் ஏற்றிவிட்டார்கள். என்ன நியாயமோ இது.

சித்திரையில் நல்லேர் கட்டும் நாள் வந்தது. எங்கள் ஊரில் அன்று எல்லா வீட்டு ஏரும் சேர்ந்து நிலத்தில் இறங்கும். ஏர் வராத வீட்டை யாரும் பயிர்க்காரன் வீடாக மதிப்பதில்லை. ஏரைத் திருப்பிக் கேட்க அக்காவும் நானும் திண்டிவனம் போனோம். கூடத்தில் அதை நட்டுக்குத்தாக நிறுத்தி, வார்னிஷ் அடித்து, பெரியப்பா பெயரைப் பித்தளைத் தகட்டில் பதித்திருந்தான். கைப்பிடியில் அவன் சட்டை தொங்கியது. கூரையில் இடித்ததாம், அதனால் ஏர்க்காலின் நீண்ட நுனியை அறுத்துவிட்டிருந்தான்.

"எப்பிடிக்கா இருக்குது? வர்றவங்கெல்லாம் பாத்துக்கினு போறாங்க" என்றான்.

அக்கா அறுத்த இடத்தைத் தடவினாள். "நொகத்தடி கட்டற எடத்தயே அறுத்துட்டியேடா. அப்பாவ நெனைக்கணும்னா கொல்லைக்கு வந்து நெனைச்சிருக்கலாமில்ல?"

அவன் வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்தாள். ஊர் திரும்பியதும் கிணற்றோரத்துக் கருவேலமரத்தை வெட்டி, ஆசாரி காலைப் பிடிக்காத குறையாகப் புது ஏர் செய்ய வைத்தாள். மரம் காயக்கூட இல்லை. நல்லேர் அன்று அவளே மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தாலியறுத்தவள் நல்லேருக்கு முன்னால் நிற்கலாமா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள்.

"கேப்பை அறுக்கக் கூப்புட்டப்ப ஒருத்தரும் இத கேக்கலியே. இப்ப மட்டும் என்னா கேக்கறீங்க?"

அக்கா கேட்டபடியே மாட்டை ஓட்டினாள். வரிசையில் அவள் ஏரும் இறங்கியது. அதற்குப் பிறகு எந்த வருஷமும் அது நிற்கவில்லை.

கடைசியாக இந்தப் போகத்தில் வேர்க்கடலைக்கு, எங்கள் பேச்சில் மல்லாட்டைக்கு, களை எடுக்கும்போதுதான் காய்ச்சல் கண்டது. பாதிக் கொல்லையில் விட்டுவிட்டு, களைக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கருமாதி முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் தம்பிகள் என்னிடம் வந்தார்கள். அக்காவின் களைக்கொத்து என்னிடம் இருக்கிறதாமே, பிடிக்கு வெள்ளிப் பூண் போட்டு அவள் படத்துக்குக் கீழே மாட்டப் போகிறார்களாம். அந்தக் கொல்லையில் மிச்சக் களையை யார் எடுப்பது என்று கேட்டேன். அது கிடக்கட்டும், அடுத்த மாசம் விற்றுவிடப் போகிறோம் என்றான் பெரியவன்.

"கொல்லையில எறங்கிக் களை எடுங்க, தர்றேன். மாட்டி வைக்கறதுக்குத் தர மாட்டேன்" என்றேன். வேட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

களைக்கொத்து என்னிடம் இருக்கிறது. அக்காவின் கோபமும் என்னிடம்தான் இருக்கிறது. கொல்லை கைமாறுவதற்குள் அந்த மல்லாட்டை விளைந்தாக வேண்டும். நாளைக் காலையில், அவள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குகிறேன்.