ஏழு தகர டின்னும் ஒரு பூச்சி மருந்துக் கடையும்

பூச்சி மருந்துக் கடையில் வேலைக்கு நின்றவனுக்கு முதல் வாரத்திலேயே ஒன்று விளங்கிவிடும்: பூச்சிக்கு அலமாரி நிறைய மருந்து இருக்கிறது, பூச்சியைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆளுக்குத்தான் ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் பிற்பாதியில் திருத்தணி பஜாரில் அப்படி ஒரு கடையில் நான் விற்பனையாளன். முதலாளி தெலுங்கு வீட்டுக்காரர். சொந்தப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். எங்களுக்குச் சோறு போட்டவர்கள் திருவாலங்காட்டுப் பக்கத்து நெல், கரும்புக்காரர்கள். பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், மருந்தின் பேரைச் சொல்லி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள். பேச்சே கிடையாது.

அப்புறம் ஒரு வருஷம் காய்கறி விலை ஏறியது. ஊரில் காலி எண்ணெய் டின், ஓட்டை பக்கெட், வாய் உடைந்த பானை எல்லாவற்றிலும் மண் ஏறியது. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கத்தரி, வெண்டை, தக்காளி. மாடியில் நாலு தொட்டி வைத்துக்கொண்டு அசுவினிப் பேனோடு மல்லுக்கட்டும் நண்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். உங்களால் நான் பட்ட கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

தீப்பெட்டியில் வந்த நோயாளி

முதலில் வந்தவர் சம்பந்தம். அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. காலை ரயிலுக்குப் போகிற வழியில், நான் கடைப் பலகையை எடுப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார். சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் ஒரு புழு. வழியில் அதற்குப் பசிக்கக் கூடாதென்று ஒரு துண்டு கத்தரி இலை. டாக்டரிடம் பிள்ளையைக் காட்டுகிற மாதிரி பெட்டியை மெதுவாகத் திறந்து, "நேத்துலேருந்து தின்னுகினே கீது, கொஞ்சம் பாரு" என்பார். ஒரு நாள் பெட்டி காலியாக இருந்தது. சட்டையைக் கழற்றி உதறி, பையைத் திருப்பி, இருவருமாகத் தேடினோம். புழு கிடைக்கவில்லை, ரயிலும் போய்விட்டது.

என்னிடம் இருந்ததிலேயே சின்ன டப்பா ஓர் ஏக்கருக்கானது. அவரிடம் இருந்தது ஏழு தகர டின். "நாலு சொட்டு ஊத்திக் குடு" என்றார். சில்லறையாக ஊற்றித் தரக் கூடாது, முழு டப்பாவாக வாங்கிக்கொண்டு மீதியைப் பத்திரமாக வையுங்கள் என்று நான் மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் தீப்பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

"மீதி மருந்துக்கு நெலம் நீ குடுக்கிறியா? குடு, ரயில்வே வேலைய இன்னிக்கே வுட்டுர்றேன்."

மிளகாய்த் தண்ணீர்

மலைப்படிக்குப் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் மாடித் தக்காளிக்குப் புழுவும் இல்லை, பேனும் இல்லை. குரங்கு. மலையில் பக்தர்கள் கொடுக்கும் தேங்காயும் பழமும் தின்று அலுத்துப் போய், மாலையில் இவர் வீட்டுக்கு இறங்கிவரும். முருகன் மலைக் குரங்கு என்பதால் கல்லெடுத்து அடிக்கவும் அவருக்கு மனசில்லை. "உயிருக்குச் சேதமில்லாம ஏதாவது சொல்லு" என்று கேட்டார். மிளகாய்த் தூளைத் தண்ணீரில் கரைத்துக் காயின் மேல் தெளியுங்கள் என்றேன். செலவில்லாத யோசனை சொன்ன பெருமை எனக்கு அன்று முழுக்க இருந்தது.

மூன்றாம் நாள் வந்தார். கோபமில்லை, ஏதோ அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்த முகம். பெரிய குரங்கு ஒன்று ஒரு பழத்தைக் கடித்துத் துப்பியதாம். கொஞ்ச நேரம் யோசித்ததாம். பிறகு மற்றப் பழங்களைப் பறித்து, இவர் செடிக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் ஒவ்வொன்றாக முக்கித் தேய்த்து, குட்டிக்கும் ஒன்று கொடுத்துவிட்டுத் தின்றதாம்.

"முப்பது வருஷம் பசங்களுக்குச் சுகாதாரப் பாடம் எடுத்தேன்பா. ஒருத்தன் கூட பழத்தக் கழுவித் தின்னு நான் பாத்ததில்ல."

இருமல் மருந்து பாட்டில்

இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான். சம்பந்தம் ஒரு மாதம் விடாமல் கேட்டார். ஒரு காலையில் அவரே ஒரு காலி பாட்டிலோடு வந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்துக்கொண்டார். கடையில் திறந்து வைத்திருந்த நெல் மருந்திலிருந்து கால் பாட்டில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். தண்ணீரில் எவ்வளவு கலக்க வேண்டும், தெளித்தபின் எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது எல்லாம் ஒப்பித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஓடினார். பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நான் பார்க்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, கிருத்திகை. ஊரெல்லாம் காவடி. சம்பந்தத்தின் மனைவி தனியாகக் கடைக்கு வந்து வெண்டை விதை கேட்டாள். பொட்டலம் கட்டிக்கொண்டே, குழந்தை வரவில்லையா என்று பேச்சுக்குக் கேட்டேன். அஞ்சு வயசுப் பெண் அது. அம்மா முந்தானையை விடாது. "இருமிகினே கீதுங்க. வூட்ல பழைய இருமல் மருந்து கொஞ்சம் இருந்துது, மாமியார குடுக்கச் சொல்ட்டு வந்தேன்" என்றாள். பழைய மருந்து எங்கே இருந்தது என்று கேட்டேன். "ஜன்னல்ல. இவுரு எதுக்கோ பாட்டில எடுத்துகினு போனாரு, பாத்தா திரும்பவும் அங்கியே கீது."

என் சைக்கிள் கடை வாசலில் பூட்டியிருந்தது. அதைத் திறக்கக்கூட நிற்கவில்லை. ஓடினேன். காவடிக் கூட்டத்துக்குள் புகுந்து, யார் யாரையோ இடித்து, திட்டு வாங்கிக்கொண்டு, செருப்பு ஒன்று எங்கோ கழன்று போக, அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் மாமியார் குழந்தையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. கரண்டியைத் தட்டிவிட்டேன். உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை. முகம், கை, கழுத்து எல்லாவற்றையும் சவுக்காரம் போட்டுக் கழுவச் சொல்லி, உடனே குழந்தையை டாக்டரிடம் தூக்கிப்போனோம். அவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் கழன்ற செருப்பைத் தேடிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் சம்பந்தம் கடைக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசினார்.

"லேபிளக் கிழிக்காதது என் தப்பு. ஊத்திக் குடுத்தது உன் தப்பு. நாறுதுன்னு வாய மூடிகினா பாரு, எங்க வூட்ல அவ ஒருத்திக்குத்தான் புத்தி கீது."

நாகம்மாவின் அடுப்பு

அதற்குப் பிறகு டின் தோட்டக்காரர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க எனக்குக் கை எழவில்லை. வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. கடைக்குப் பின்சந்தில் நாகம்மா இருந்தாள். அம்மையார்குப்பத்திலிருந்து வந்த நெசவுக் குடும்பம். இரண்டு தறி போக மிச்சம் இருந்த இடத்தில் பன்னிரண்டு பானை வைத்திருந்தாள். எங்கள் கடையில் அவள் வாங்கியது ஒரே ஒரு தடவை, கொஞ்சம் கத்தரி விதை. அதுவும் காலண்டர் ஓசியில் கிடைத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லி வாங்கினாள். அவள் செடிகளில் ஒரு ஓட்டை இலை கிடையாது.

போய்க் கேட்டேன். "இன்னாண்ணா இருக்குது இதுல" என்று சிரித்தாள். விடியற்காலையில் இலை பனியில் நனைந்திருக்கும்போது சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுவாள். பேன் பிடித்தால் சவுக்காரத் தண்ணீர். வாரம் ஒரு தடவை வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்த தண்ணீர். இளஞ்செடிக்குக் கிழிந்த துணியில் ஒரு கூடாரம். காய்க்குள் போன புழுவுக்கு மருந்தே இல்லை, காயோடு பறித்துக் கோழிக்குப் போட வேண்டியதுதான். இதை நான் அப்படியே மனப்பாடம் செய்து, டின்காரர்கள் வரும்போதெல்லாம் சொல்லத் தொடங்கினேன். கடையில் கூட்டம் இருந்தது. கல்லாவில் சத்தம் இல்லை. நைனா ஒரு வாரம் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாம்பல் யாவாரம் பண்றதுன்னா நான் ஏன்டா பஜார்ல கட போட்றேன், சுடுகாட்டுல போட்டிருப்பேனே."

கண்காட்சி

அந்த வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் வீட்டுத் தோட்டக் கண்காட்சி வைத்தார்கள். கடைகளுக்கும் இடம் உண்டு. நைனா நாகம்மாவிடம் ஆறு பானைகளைச் சும்மா பார்வைக்கு என்று இரவல் கேட்டார். அவளும் கொடுத்தாள். மைதானத்தில் போய்ப் பார்த்தால் பானைகளுக்கு நடுவே எங்கள் மருந்து டப்பாக்கள், மேலே ஓர் அட்டை: "எங்கள் மருந்தால் வளர்ந்தவை."

மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி, பின்னால் குறிப்பு எழுத ஓர் உதவியாளர், அதற்கும் பின்னால் டின் தோட்டக்காரர்கள் பாதிப் பேர். அதிகாரி ஒரு வெண்டை இலையைத் தொட்டார். விரலில் சாம்பல் ஒட்டியது. மோந்து பார்த்தார். "அருமையான தூள். இதன் பெயர் என்ன?" என்றார். "புது மருந்து சார், இப்பத்தான் வந்துது" என்றார் நைனா. உதவியாளர் பேனாவைத் திறந்துகொண்டு பெயருக்காகக் காத்திருந்தார். நைனா என்னைப் பார்த்தார். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லேன்டா என்கிற பார்வை.

அலமாரியில் இருக்கிற பெயரெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எதைச் சொன்னாலும் பின்னால் நிற்பவர்கள் சாயங்காலமே வாங்கிப்போய், மறுநாள் சமைக்கிற காயின் மேல் தூவுவார்கள். ஒரு குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது என் கண்ணில் நின்றது. வேலை போனால் போகட்டும் என்று, "அடுப்புச் சாம்பல் சார்" என்றேன். உதவியாளர் அதையும் எழுதிவிட்டார். அதிகாரி விரலைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்தார், இயற்கையின் மகத்துவம் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பரிசான எவர்சில்வர் குடத்தை, கடை பெயர் ஏற்கெனவே பட்டியலில் எழுதியிருந்ததால், நைனா கையிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கூட்டத்தில் நின்ற நாகம்மா நேரே வந்து பானைகளைத் தூக்கத் தொடங்கினாள். குடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நைனா அவள் பக்கம் நீட்டினார்.

"கொடத்த நீங்களே வெச்சிக்கோங்க நைனா. செடிய நான் எடுத்துகினு போறேன், சாயங்காலம் கொழம்புக்கு வெண்டக்கா ஓணும்."

வாசலில் ஒரு மூட்டை

வேலை போகவில்லை. நைனா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். பத்தாம் நாள் கடை வாசலில் ஒரு மூட்டை இருந்தது. அவிழ்த்துவிட்ட வாயோடு நின்றது, மேலே ஓர் அளவுபடி. நைனா என் முகத்தைப் பார்க்காமல், "கேட்டா மாடித் தோட்டத்துக்குன்னு சொல்லு" என்று உள்ளே போய்விட்டார். திருவாலங்காட்டுக் கரும்புக்காரர் ஒருவர் வந்தார். வருஷக்கணக்காக என்னோடு ஒரு வார்த்தை அதிகம் பேசாதவர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி வேப்பங்கொட்டையை அள்ளிப் பார்த்தார்.

"எங்க வூட்டு வாசல்ல தெனம் பெருக்கிக் கொட்றது இதத்தான். வெலைக்கு விக்கிறீங்கன்னா சொல்லுங்க, மரத்தயே வண்டியில ஏத்திகினு வர்றேன்."

பத்து ஏக்கரைப் பூச்சிக்குப் பறிகொடுத்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். நாலு கத்தரிக்காய்க்காக வந்து என்னை நிற்கவைத்துக் கேட்டவர்கள்தான், சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தார்கள்.